வயலினும் ஆர்கனும் சொன்ன செபமாலை

(ஆரம்பாக்கம் பாடகர் குழுவினர் எழுதிய கடிதத்துக்கு, அக்டோபர் மாத வானொலி மறையுரையில் தந்தை அவர்கள் அளித்த பதில். வானொலியில் கேட்கத் தவறியவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



அக்டோபர் பிறந்துவிட்டது. மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும் மாதம். இந்த வாரம் செபமாலையைப் பற்றித்தான் பேச நினைத்திருந்தேன். அதற்குள் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு பாடகர் குழுவினர் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் அது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கும். குழுவில் பாதிப்பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு இரவு ஷிப்ட் வந்துவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் வெறும் கைத்தாளம்தான் என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது வயலின் கற்றுவரும் ஒரு பெண்பிள்ளை குழுவில் சேர ஆசைப்படுகிறாள். பெரியவர்களில் சிலர், "வயலின் கச்சேரி வாத்தியம், கோவிலுக்கு ஆர்கன்தான்" என்கிறார்களாம். வேறு சிலர், "கீபோர்டிலேயே வயலின் சத்தம் வரும் பட்டன் இருக்கிறதே, அப்புறம் எதற்குத் தனி வயலின்?" என்கிறார்களாம். கடைசி வரி இதுதான்: "கோவிலில் வயலின் வாசிக்கத் திருச்சபை அனுமதிக்கிறதா ஃபாதர்?"

அனுமதிக்கிறது. ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வயலின் கோவிலுக்குள் வந்த கதையைக் கேளுங்கள். அதைச் சொன்னால் செபமாலையும் தானாக வந்துவிடும்.

ஆர்கன் பழைய குடியிருப்பாளர். வயலின் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே ஐரோப்பிய ஆலயங்களில் ஆர்கன் இருந்தது. சிப்காட்டில் கம்ப்ரஷர் பார்த்தவர்களுக்கு ஆர்கனை விளக்குவது எளிது. ஒரு பெரிய துருத்தி காற்றை அழுத்தி அடைத்து வைக்கிறது. கட்டையை அழுத்தினால் வால்வு திறக்கிறது. காற்று குழாய்க்குள் ஏறிப் பாடுகிறது. நீளமான குழாய் கனத்த குரல், குட்டைக் குழாய் கீச்சுக்குரல். மின்சாரம் இல்லாத காலத்தில் துருத்தியை மிதிக்க ஒருவர் பின்னால் நிற்பார். ஆர்கன் வாசித்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. துருத்தி மிதித்தவர்களின் பெயர் ஆண்டவருக்குத்தான் தெரியும்.

வயலின் பதினாறாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருவானது. அதன் முதல் வேலை ஆட்டத்துக்கு வாசிப்பது. கல்யாண வீடு, சந்தை, மதுக்கடை என்று அது அலையாத இடம் இல்லை. அப்படிப்பட்ட வாத்தியம் பீடத்துக்குப் பக்கத்தில் வரலாமா என்று அன்றும் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனாலும் பதினேழாம் நூற்றாண்டில் அது மெல்ல உள்ளே வந்துவிட்டது. 'பரோக்' காலம் என்று நாம் இன்று சொல்லும் காலம் அது. வயலின் உள்ளே வந்தது ஆர்கனின் கையைப் பிடித்துக்கொண்டுதான். 1681-இல் உரோமையில் ஆர்க்காஞ்ஜெலோ கொரெல்லி என்பவர் 12 சொனாட்டாக்களை அச்சிட்டார். இரண்டு வயலின், அடியில் ஒரு தாழ்ந்த சுர வரிசை. அந்தத் தாழ்ந்த வரிசை ஆர்கனுக்கு உரியது என்று நூலிலேயே குறித்திருந்தார். ஆலயத்துக்காகவே எழுதப்பட்ட இசை. நம் வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தது அதற்கு முந்தைய ஆண்டு, 1680-இல். அவர் வளர்ந்த நாட்டின் ஆலயங்களில் ஒலித்தது இந்த இசைதான்.

கீபோர்டு தம்பிக்காக ஒரு விவரம். நீ பாட்டு வரிகளுக்கு மேலே பென்சிலால் கார்டு எழுதி வைத்து வாசிக்கிறாய் இல்லையா? அந்தக் காலத்து ஆர்கன்காரருக்கு அதைவிடக் குறைவாகத்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தாழ்ந்த சுரம், அதன் பக்கத்தில் 6, 7 என்று ஏதாவது ஓர் எண். அவ்வளவுதான். மற்றதை அவர் கைவிரல் அந்தந்த நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். வயலின் வாசிப்பவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். வயலின் அழுத்தி வாசித்தால் குழாய்களைக் கூட்டுவார், மெல்ல வாசித்தால் ஒன்றிரண்டு குழாய்களோடு நிறுத்திக்கொள்வார்.

திருப்பலியில் இதற்கு இடம் எங்கே? பல ஆலயங்களில் திருமுக வாசகத்துக்கும் நற்செய்திக்கும் நடுவில் வாசித்தார்கள். சால்ஸ்பர்க் நகரில் மோசார்ட்கூட இந்த இடத்துக்கென்றே வயலின்களுக்கும் ஆர்கனுக்குமாக 17 சிறு சொனாட்டாக்கள் எழுதியிருக்கிறார். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காரணம் உண்டு. 1776-இல் அவர் எழுதிய ஒரு கடிதத்தில், பேராயர் தாமே நிறைவேற்றும் பெரிய திருப்பலிகூட, இந்த இசையெல்லாம் சேர்த்து, முக்கால் மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று தெரிவிக்கிறார். "பாட்டைச் சுருக்குங்கள், நேரமாகிறது" என்று சொன்ன முதல் சாமியார் நம் பங்கில் பிறக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆர்கனும் வயலினும் சேரும்போது ஒரு சட்டம் உண்டு. ஆர்கனின் சுருதியை மாற்ற முடியாது. அது ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த குழாய். சுவரோடு கட்டி நிறுத்தியாயிற்று. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஆர்கனின் சுருதி வேறு வேறாக இருந்தது. ஓர் ஊரில் உயரம், அடுத்த ஊரில் தாழ்வு. வெயிலுக்கும் குளிருக்கும்கூடக் கொஞ்சம் நகரும். ஆகவே எந்தக் கோவிலுக்குப் போனாலும் வயலின்காரர்தான் முதலில் பிரடையைத் திருகி, அந்த ஆர்கனுக்குத் தன் தந்திகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அசைய முடிந்தவர் அசைந்து கொடுக்கிறார். கோவிலுக்குள் இந்த மரியாதையைக் கற்றுக்கொண்டபிறகுதான் வயலின் கோவில் வாத்தியம் ஆனது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சுருதி சேர்க்கும் வேலையையே செபமாக மாற்றிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹைன்ரிக் இக்னாட்ஸ் ஃப்ரான்ஸ் பீபர். 1644-இல் போஹிமியாவில் பிறந்தவர். இன்று அது செக் நாடு. இளவயதில் ஓலொமோட்ஸ் நகர ஆயரின் அரண்மனையில் வயலின் வாசித்தார். 1670-இல் ஆயர் அவரை, யாக்கோப் ஷ்டைனர் என்ற பெயர்பெற்ற கருவி செய்பவரிடம் வாத்தியங்கள் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். போனவர் திரும்பவே இல்லை! நேரே சால்ஸ்பர்க் போய் அங்கே பேராயரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முதலாளியிடம் சொல்லாமல் அடுத்த கம்பெனிக்கு மாறிய கதைதான். புனிதர் வரலாறு சொல்ல நான் வரவில்லை. ஓடிவந்த ஒரு வேலைக்காரரின் வரலாறு இது.

சால்ஸ்பர்க்கின் பேராயர் மாக்ஸ் கண்டோல்ஃப் செபமாலைப் பக்தியில் ஆழ்ந்தவர். அவருக்குக் காணிக்கையாக, 1670-களில் பீபர் ஒரு கையெழுத்துப் பிரதி தயாரித்தார். 15 சொனாட்டாக்கள். மகிழ்ச்சி மறை உண்மைகள் ஐந்து, துயர மறை உண்மைகள் ஐந்து, மகிமை மறை உண்மைகள் ஐந்து. ஒளியின் மறை உண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-இல்தான் சேர்த்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று 15-தான். ஒவ்வொரு சொனாட்டாவின் தலைப்பிலும் எழுத்தில் பெயர் இல்லை. அந்தந்த மறை உண்மையின் சிறிய வட்டப் படம் ஒட்டியிருக்கிறது. வானதூதர் மங்களவார்த்தை சொல்லும் படம், மரியா எலிசபெத்தைச் சந்திக்கும் படம், மாட்டுத்தொழுவப் படம் என்று வரிசையாக. வாசிப்பவர் படத்தைப் பார்க்கிறார், வில்லை எடுக்கிறார். வயலின் பாட, தாழ்ந்த சுர வரிசையின் மேல் ஆர்கன் போன்ற ஒரு கருவி கூடவே நடக்கிறது. ஒரு சொல்கூட இல்லாத செபமாலை.

இதில் புதுமை தந்திகளில் இருக்கிறது. வயலினின் நான்கு தந்திகளுக்கு வழக்கமான சுருதி ஒன்று உண்டு. முதல் சொனாட்டாவில், அதாவது மங்களவார்த்தையில், அந்த வழக்கமான சுருதியே இருக்கிறது. நாசரேத்தில் ஒரு வீட்டில் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது, தூதர் வருகிறார். அதற்குப் பிறகு வரும் 14 சொனாட்டாக்களுக்கும் 14 வேறு சுருதி! ஒவ்வொரு மறை உண்மைக்கும் நான்கு தந்திகளையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒன்றுக்குச் சேர்த்த சுருதி அடுத்ததற்கு ஆகாது.

இதன் வலி வாசிப்பவருக்குத்தான் தெரியும். அன்றைய தந்தி ஆட்டுக்குடல் நரம்பு. இழுத்தால் அறுந்துபோகலாம். தளர்த்தினால் குரல் கம்மும். மாற்றியபின் சிறிது நேரம் நழுவிக்கொண்டே இருக்கும். இன்று 15-ஐயும் ஒரே மாலையில் வாசிக்கும் கலைஞர்கள் பலர் மேடையில் இரண்டு மூன்று வயலின்களை முன்னதாகவே சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தாளில் சுரங்கள் வழக்கமான சுருதிக்கு எழுதியதுபோலவே எழுதியிருக்கும். விரலை வைத்தால் வேறு சுரம் கேட்கும். கண் பார்ப்பது ஒன்று, காது கேட்பது ஒன்று. பார்த்ததை நம்பாமல் விரலை வைக்க வேண்டும்.

துயர மறை உண்மைகளில் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது. வழக்கமாக வயலினின் கீழ்த் தந்திக்கும் மேல் தந்திக்கும் நடுவில் நல்ல தூரம் உண்டு. இங்கே கீழ்த் தந்தியை நான்கு சுரம் மேலே இழுக்கிறார், மேல் தந்தியை இறக்குகிறார். நான்கு தந்திகளும் ஒரே ஸ்தாயிக்குள் நெருங்கி நிற்கின்றன. கைகால் நீட்ட இடமில்லாமல் கட்டிப்போட்டதுபோல. அதற்கு எதிராக விண்ணேற்றத்தில், எக்காளம்போல் முழங்கும் ஒரு சுருதி. அடியில் வாசிப்பவர் முரசு அடிப்பதுபோல் வாசிக்கிறார். உண்மையான எக்காளமும் முரசும் அங்கே இல்லை. எல்லாம் தந்திதான்.

இனி பதினோராவது, மகிமை மறை உண்மைகளில் முதலாவது. நம் ஆண்டவரின் உயிர்ப்பு. பீபர் இங்கே செய்திருப்பதை வேறெங்கும் செய்யவில்லை. நடுவிலுள்ள இரண்டு தந்திகளையும் இடம் மாற்றச் சொல்கிறார். இரண்டாவது தந்தி மூன்றாவதன் இடத்துக்கு, மூன்றாவது இரண்டாவதன் இடத்துக்கு. அப்படி மாட்டும்போது பிரடைப் பக்கம் ஒருமுறை, குதிரைக்குப் பின்னால் ஒருமுறை என இரண்டு தந்திகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகின்றன. வயலினின் உடம்பிலேயே ஒரு சிலுவை விழுகிறது. பார்வையாளர் வரிசையில் இருப்பவருக்கு அது தெரியாது. வாசிப்பவர் குனிந்து பார்த்தால் தெரியும். உயிர்ப்பின் பாட்டு முழுவதும் அந்தச் சிலுவையைத் தாண்டித்தான் ஒலிக்கிறது. சால்ஸ்பர்க் மக்களுக்குத் தெரிந்த ஒரு பாஸ்கா பாடலின் மெட்டும் அதில் வருகிறது.

அந்த உயிர்ப்புச் சுருதியின் நான்கு சுரங்கள் எவை தெரியுமா? கர்நாடக இசை கற்கும் நம் பெண்பிள்ளை இதைக் கவனிக்கட்டும். கீழிருந்து மேலாக அடுக்கினால் ச, ப, மேல் ச, மேல் ப. நம் ஊரில் எந்த வயலின்காரரும் கச்சேரிக்கு உட்காரும்போது சேர்க்கும் அதே ச-ப-ச-ப. மேற்கத்திய வயலின் வழக்கமாக அப்படிச் சேர்க்கப்படுவதில்லை. பீபர் இந்தியாவைப் பார்த்ததில்லை. நம் ஊர் வித்துவான்கள் பீபரின் பெயரைக் கேட்டதில்லை. அந்தக் கையெழுத்துப் பிரதி அச்சேறியதே 1905-இல்தான். இன்று அது மியூனிக் நகரிலுள்ள ஒரு நூலகத்தில் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று வந்ததல்ல. ஆனாலும் இதைக் கண்டுபிடித்த அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

சரி, நம் ஊர் வயலின் ச-ப-ச-ப ஆனது எப்படி? அதற்கு நீங்கள் சால்ஸ்பர்க் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைப் பக்கம் வந்தால் மணலி. மணலி என்றால் இன்று நமக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, லாரி வரிசை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அது இசை வளர்த்த ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடைய மணலி முத்துகிருஷ்ண முதலியாரும் அவர் மகன் சின்னையா முதலியாரும், திருவாரூர் இராமசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை அங்கே அழைத்துவந்து ஆதரித்தார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம் முத்துசுவாமி தீட்சிதரும் அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும். முதலியார் அவர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் ஐரோப்பியரின் பேண்டு இசையைக் கேட்கச் செய்தார். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். ஏறக்குறைய 40 பாடல்கள். 'நோட்டுஸ்வரம்' என்று இன்றும் பாடுகிறார்கள். தம்பிக்கு வயலினில் மனம் போனது. ஒரு ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டு கற்றார் என்று அந்தக் குடும்பத்தின் வழியே வந்த வரலாறு சொல்கிறது.

கற்றுக்கொண்டபின் அவரும் அவரைப் பின்பற்றியவர்களும் வயலினைத் தரைக்கு இறக்கினார்கள். நின்று வாசித்ததை, சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பகுதியை வலது பாதத்தில் சாய்த்து வாசித்தார்கள். விரல் தந்தியில் வழுக்கிப் போக வேண்டும், கமகம் வர வேண்டும், பாடுகிறவரின் குரலுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். அதற்காகத் தந்திகளைத் தளர்த்தி, பாடுகிறவரின் ஆதார சட்ஜத்துக்குச் சேர்த்தார்கள். அங்கே ஆர்கனுக்குத் தந்தி இறங்கியது. இங்கே மனிதக் குரலுக்கு இறங்கியது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினில் தேர்ந்தார். 1834-இல் சுவாதித் திருநாள் மன்னர் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் போனார். அவருடைய பேரனும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர்தான், குடும்பத்தின் இசை முழுவதையும் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலாக அச்சிட்டவர். அவரை எழுத வைத்தவர்களில் முக்கியமானவர் சென்னையைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர், சின்னசாமி முதலியார். கர்நாடக இசையை ஐரோப்பிய நொட்டேஷனில் எழுதி 1893-இல் வெளியிடத் தொடங்கியவர். அந்த உழைப்பில் கண்பார்வை மங்கியது. கீர்த்தனைகள் அழிந்துபோகாமல் காக்க ஒரு கிறிஸ்தவர் தம் கண்களைச் செலவிட்டார் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

இனி பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். வயலின் கச்சேரி வாத்தியம்தானே? திருத்தந்தையர்களும் இதை யோசித்தார்கள். 1749-இல் பதினான்காம் பெனடிக்ட், ஆர்கனோடு வயலின் வகைகளை அனுமதித்தார். முரசு, எக்காளம், புல்லாங்குழல் முதலியவற்றை விலக்கினார். (திருப்பாடல் 150-ஐ எடுத்துப் பாருங்கள், விலக்கப்பட்ட ஆட்கள் பலர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.) 1903-இல் புனித பத்தாம் பயஸ் பியானோவைக் கோவிலில் தடைசெய்தார். இன்று நம் பெரியவர்கள் வாதாடிக் காக்கும் கீபோர்டின் தாத்தா அந்தப் பியானோதான்! 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் வயலினைப் பெயர் சொல்லியே பாராட்டினார். மனித உள்ளத்தின் மகிழ்ச்சியையும் துயரத்தையும் வெளிப்படுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு என்றார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பு அளித்தது. திருவழிபாட்டுக்குப் பொருந்துமானால் மற்ற வாத்தியங்களும் வரலாம் என்றது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் தரச் சொன்னது. ஆகவே கதவு திறந்தே இருக்கிறது.

கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை என்றேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அங்கே ஒரு வயதானவர் வயலின் வாசிப்பார். ஊரில் 'பிடில் தாத்தா' என்பார்கள். பாடகர் குழுவின் பக்கத்தில் தரையில் பாய் விரித்து உட்காருவார். யார் பாடுகிறார்கள் என்று பார்ப்பார், அவர்கள் குரலைக் கேட்டு, பிரடையைத் திருகிச் சுருதி சேர்ப்பார். சிறு பிள்ளை பாடினால் ஏற்றுவார், வயதான அம்மா பாடினால் இறக்குவார். அதற்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். நாங்கள் எல்லாரும் காத்திருப்போம்.

வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவர் கோவிலுக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் சுருதி மாறிவிடுகிறது, தாளமும் தானே வருகிறது. கீபோர்டு தம்பி பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்றிக்கொண்டே போனான். தாத்தாவின் தந்திகள் பின்னாலேயே ஓடின. பிடிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டு தொடங்க வேண்டும், அவர் இன்னும் பிரடையைத் திருகிக்கொண்டிருந்தார். நான் பீடத்திலிருந்து மைக்கிலேயே சொன்னேன்: "ஐயா, நேரமாகுது. கீபோர்டு இருக்குதில்ல, விட்டுடுங்க."

அவர் வில்லை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். கோபப்படவில்லை. திருப்பலி முடிந்ததும், "சரிங்க சாமி" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாரமும் அங்கேதான். எனக்கு மாறுதல் வந்தது, கிளம்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு வேறோர் ஊரில் திருவிழாத் திருப்பலி. பிடில் என்ன ஆயிற்று என்று பிறகு ஒருமுறை விசாரித்தேன். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பீபரைப் பற்றி நான் படித்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. சுருதி சேர்க்க எடுத்துக்கொள்ளும் நேரம் செபத்துக்கு வெளியே இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். 15 மறை உண்மைகளுக்கு 15 தரம் சுருதி சேர்க்கச் சொன்ன அந்த மனிதர், அந்த நேரமும் செபமாலைக்குள்தான் இருக்கிறது என்று எனக்கு இப்போது சொல்கிறார். தாத்தாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு ஏழைக் குரலுக்கும் தன்னைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்.

ஆரம்பாக்கம் பிள்ளைகளே, உங்களுக்குச் சில காரியங்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் முதலில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குக் கால் மணி நேரம் முன்னதாக வாருங்கள். எந்தப் பாட்டு எந்தக் கட்டையில் என்று முன்பே முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் பட்டனை அழுத்தாதீர்கள் தம்பி. ஒரே சட்ஜத்தில் இரண்டு மூன்று பாட்டு அமையுமானால் இன்னும் நல்லது. கீபோர்டு நம் ஏழை ஆர்கன். அது சட்ஜத்தைப் பிடித்துக் கொடுக்கட்டும், வயலின் அதற்குச் சேரட்டும், இருவரும் சேர்ந்து பாடுகிறவர்களுக்குச் சேரட்டும். தம்பிக்கு இரவு ஷிப்ட் வந்தால் வயலின் ஒன்றே போதும். பதிலுரைத் திருப்பாடலுக்கு அதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரிந்து இல்லை. தெலுங்கில் பாடுகிறவர்கள் வந்தால் அவர்கள் குரலுக்கும் ஒருமுறை பிரடையைத் திருகட்டும். அந்தப் பெண்பிள்ளை சுருதி சேர்க்கும்போது யாரும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இதைப் பெரியவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பட்டன் வயலினைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சத்தம் வயலின் மாதிரியே இருக்கும், தப்பில்லை. ஆனால் அதற்குத் தந்தி இல்லை. அறுந்துபோகவும் தெரியாது, இறங்கி வரவும் தெரியாது.

பீபர் 15 சொனாட்டாக்களோடு நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு பகுதி சேர்த்தார். அதற்கு மறை உண்மையின் படம் இல்லை. காவல் தூதர் ஒரு குழந்தையின் கையைப் பிடித்து நடத்திப்போகும் படம் இருக்கிறது. இந்த மாதம் இரண்டாம் தேதி காவல் தூதர்கள் திருநாள் கொண்டாடினோமே, அவர்தான். இங்கே தந்திகள் மறுபடி வழக்கமான சுருதிக்கு, நாசரேத்து வீட்டின் சுருதிக்கு வந்துவிடுகின்றன. ஆர்கன் நின்றுவிடுகிறது. வயலின் தன்னந்தனியாக. இறங்குகிற நான்கே சுரங்கள்: ச, நி, த, ப. அதே நான்கு சுரங்கள் 65 தடவை திரும்பத் திரும்ப வருகின்றன. மணி உருட்டுகிற விரல்போல. அவற்றின் மேலே குழந்தை ஓடுகிறது, விழுகிறது, அழுகிறது, விளையாடுகிறது. அடியில் அந்தக் கை விடுவதே இல்லை. வாசித்து முடிக்க எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன், முழுவதும் போடச் சம்மதித்திருக்கிறார்கள். கையில் செபமாலை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிடில் தாத்தாவை நான் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் யாரிடம் "நேரமாகுது" என்று சொன்னீர்களோ அவரை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்போம்.

(இதைத் தொடர்ந்து வயலின் இசை ஒலிபரப்பானது.)